அன்றாட உடைகளில் சிறு துளைகள்: காரணத்தைக் கண்டறிவது எப்படி?

கேள்வி – குறிஞ்சி, மதுரை

வணக்கம். கல்லூரியில் படிக்கும் என் மகனுடைய பருத்தி டி-ஷர்ட்டுகளில் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, முன்பக்கத்தில் மட்டும், குண்டூசித் தலை அளவில் இரண்டு மூன்று துளைகள் விழுகின்றன. வாங்கிய சில மாதங்களிலேயே இப்படி ஆகிவிடுகிறது; விலை கூடியது, குறைந்தது என்ற வேறுபாடே இல்லை. நான் வீட்டில் அணியும் பனியன் துணி நைட்டிகளிலும் வயிற்றுப் பகுதியில் இதே போன்ற துளைகள் இருக்கின்றன. என் கணவருடைய வெள்ளை வேட்டிகளிலோ முழங்காலுக்குக் கீழே, அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுகின்றன. மாமியார் பூச்சி என்கிறார், கணவர் வாஷிங் மெஷின் என்கிறார், மகன் துணியே தரமில்லை என்கிறான். பீரோவில் அந்துருண்டையும் வசம்பும் வைத்துப் பார்த்துவிட்டேன், பயனில்லை. மேலிருந்து துணி போடும் மெஷினில்தான் துவைக்கிறோம். காரணத்தை உறுதியாகக் கண்டுபிடிக்க வழி உண்டா?

மறுமொழி – பின்னலாடை, திருப்பூர்

வணக்கம் அம்மா. பனியன் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். துளை எதனால் விழுந்தது என்பதை அது இருக்கும் இடமும் அதன் விளிம்புமே பெரும்பாலும் சொல்லிவிடும். ஆகவே பீரோவில் தேடுவதற்கு முன் துணியைப் பாருங்கள்.

டி-ஷர்ட்டுக்கும் நைட்டிக்கும் பயன்படும் சிங்கிள் ஜெர்சி துணி, பாவும் ஊடையுமாக நெய்யப்படுவதில்லை. ஒரு கண்ணி அடுத்த கண்ணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி பின்னப்படுகிறது. அதனால் ஓரிடத்தில் ஒரு நூல் அறுந்தாலே அதைப் பற்றி நின்ற கண்ணிகள் நழுவி, வட்டமான துளை திறந்துகொள்கிறது. நெய்த சட்டைத் துணியில் அதே ஒரு நூல் அறுந்தால் நம் கண்ணுக்கே தெரியாது. உங்கள் கணவரின் சட்டைகளில் வயிற்றுப் பகுதியில் துளை இல்லையென்றால் அதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

கம்பெனியில் நேரும் குறைகளுக்கும் தனி அடையாளம் உண்டு. தையல் ஊசி மழுங்கியிருந்தாலோ, பின்னல் துணிக்குரிய பால் பாயின்ட் ஊசியைப் போடாமல் விட்டிருந்தாலோ, நூல் வெட்டுப்பட்டு, முதல் சில துவைப்புகளிலேயே தையலை ஒட்டி வரிசையாகத் துளைகள் தோன்றும். பின்னும்போது விழுந்த ஓட்டை புதுத் துணியிலேயே இருக்கும். உங்கள் வீட்டுத் துளைகள் தையலிலிருந்து தள்ளி, ஒரே உயரத்தில், முன்பக்கத்தில் மட்டும் விழுவதால் இவை இரண்டையும் விட்டுவிடலாம். தரத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன்: சதுர மீட்டருக்கு 140 கிராம் எடையுள்ள மெல்லிய துணி 180 கிராம் துணியைவிடச் சீக்கிரம் தேயும். ஆனால் கனமான துணியும் அதே இடத்தில்தான் தேயும், சற்றுத் தாமதமாக.

என் ஐயம் உரசல் மீதுதான். ஜீன்ஸின் உலோகப் பொத்தான் உள்ளிருந்து அழுத்த, சமையல் மேடையின் கிரானைட் விளிம்போ மேசை விளிம்போ வெளியிலிருந்து தேய்க்க, நடுவில் மாட்டிய துணி நாள்தோறும் சிறிது சிறிதாக அறுகிறது. பாத்திரம் கழுவும்போது அந்த இடம் நனைந்துவிடுவதால் துணி கல்லோடு ஒட்டி மேலும் இழுபடும். கண்டறிவது எளிது. மகன் ஜீன்ஸ் அணிந்ததும் பொத்தான் மீது வண்ணச் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, அடர்நிற டி-ஷர்ட்டை மேலே போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்து படிக்கட்டும். மாலையில் உள்பக்கம் பதிந்த சாக்பீஸ் கறையும் பழைய டி-ஷர்ட்டின் துளையும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மறுமொழி – நெல்லைவாசி

மெஷினுக்கு முன்பக்கம், பின்பக்கம் தெரியாது. தொட்டியில் சிராய்ப்பு இருந்தாலோ, மூடாத ஜிப்பும் உள்ளாடைக் கொக்கிகளும் சேர்ந்து சுழன்றாலோ, தோள், கை, முதுகு என எல்லா இடத்திலும் துளைகள் விழும். ஐயம் தீர வேண்டுமானால் பழைய நைலான் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு தொட்டியின் உட்புறம் முழுதும் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் உடனே மாட்டிக்கொள்ளும்.

மறுமொழி – ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

வேட்டியின் துளைகளுக்கு உரசல் காரணமாகத் தோன்றவில்லை. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா, அதற்கு நீர் ஊற்றுபவர் யார் என்று அறிய விரும்புகிறேன். பேட்டரியில் இருப்பது நீர்த்த கந்தக அமிலம். அதன் ஒரு சொட்டு பருத்தியில் பட்டால் அப்போது எதுவும் தெரியாது. நீர் ஆவியாகும், ஆனால் அமிலம் ஆவியாகாமல் அங்கேயே தங்கி அடர்த்தி கூடி, பருத்தியின் செல்லுலோஸ் இழைகளை நொறுங்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அடுத்த முறை துவைக்கும்போது அந்த இடம் உதிர்ந்து துளையாகிவிடுவதால் பழி மெஷின் மீது விழுகிறது. கழிப்பறையைச் சுத்தம் செய்யும் ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலும் பருத்தியைக் கெடுக்கும்.

பூதக்கண்ணாடியில் விளிம்பைப் பாருங்கள். உரசித் தேய்ந்த துளையைச் சுற்றி நூல் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து, துணி மெலிந்திருக்கும். அமிலம் பட்ட துளையைச் சுற்றியுள்ள நூல் வலுவிழந்து, நகத்தால் இழுத்தாலே பொடியும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியானால் பருத்தி மட்டும் உதிர்ந்து, பாலியெஸ்டர் இழைகள் வலைபோல எஞ்சி நிற்கும். அதைப் பார்த்தால் ஐயமே வேண்டியதில்லை. வெள்ளைத் துணிக்குப் போடும் குளோரின் பிளீச்சும் அளவு மீறினால் இழையை நலிவாக்கும் என்றாலும், அது பெரும்பாலும் துணி முழுவதையும் நலிவாக்குமே தவிர இப்படிச் சொட்டுச் சொட்டாகத் துளையிடாது.

மறுமொழி – கைத்தறிப் புடவை விரும்பி, காஞ்சிபுரம்

பூச்சியைப் பற்றியும் ஒரு சொல். துணி அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுவுக்கு உணவு கம்பளியும் பட்டும் போன்ற புரத இழைகள். துவைத்து மடித்த பருத்தியை அது நாடுவது அரிது. ஆனால் இராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்து பிடிக்கும், ஆகவே கஞ்சி போட்ட வேட்டியை நெடுநாள் மடித்து வைத்தால் அரிக்கும். அப்போது மேற்பரப்பு ஒழுங்கின்றிச் சுரண்டப்பட்டும் மடிப்பை ஒட்டியும் இருக்கும். வாரந்தோறும் உடுத்தும் துணியில் அதற்கு இடமில்லை. அந்துருண்டையைக் காரணம் தெரியாமல் அடுக்காதீர்கள், குறிப்பாகக் கைக்குழந்தையின் துணிகளோடு வேண்டவே வேண்டாம்: ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக் கூடும்.

கேட்டவர் – குறிஞ்சி, மதுரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நீலச் சாக்பீஸ் கறை துளைகளின் மேலேயே பதிந்திருந்தது. என் நைட்டித் துளைகள் மேடை விளிம்பின் உயரத்திலேயே இருக்கின்றன. விளிம்பைக் கையால் தடவினால், மெருகேற்றாமல் விட்ட அடிப்புறம் உப்புத்தாளைப் போலச் சொரசொரக்கிறது. மெஷின் தொட்டியில் காலுறை எங்கும் மாட்டவில்லை. வேட்டியைப் பொறுத்தவரை ஆசிரியர் ஐயா சொன்னதே சரி: இன்வெர்ட்டருக்கு நீர் ஊற்றி மூடியைத் துடைப்பவர் என் கணவர்தான், அதையும் வேட்டியோடுதான் செய்கிறார். துளையைச் சுற்றியிருந்த நூல் தொட்டதும் பொடிந்தது. இனி இருக்கும் துணிகளை எப்படிக் காப்பது?

மறுமொழி – பின்னலாடை, திருப்பூர்

கிரானைட் போட்டவரையே அழைத்து விளிம்பை உருட்டி மெருகேற்றச் சொல்லுங்கள். அதுவரை தடித்த ஏப்ரன் கட்டிக்கொள்ளுங்கள். மகன் வீட்டில் இருக்கும்போது பொத்தான் இல்லாத டிராக் பேன்ட் போட்டுக்கொள்ளலாம். துளை விழுந்த டி-ஷர்ட்டை மீண்டும் துவைக்கும் முன், மெல்லிய ஊசியில் அதே நிற நூலைக் கோத்து, நழுவி நிற்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தளர்வாக இழுத்துக் கட்டிவிடுங்கள். இறுக்கினால் பக்கத்துக் கண்ணி அறும்.

மறுமொழி – ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

பேட்டரி வேலைக்குப் பழைய பாலியெஸ்டர் கால்சட்டையும், ரப்பர் கையுறையும், கண்ணாடியும் அணியட்டும். வேட்டியைவிடக் கண்தான் முக்கியம். துணியில் பட்டதாக ஐயம் வந்தால் உடனே நிறைய நீரில் அலசி, சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்து, மறுபடி அலசிவிட வேண்டும். காய்ந்த பிறகு செய்தால் பயனில்லை.