புதுப்பிப்பு: கூடலூர் படம் விஷயம் என்ன ஆச்சு

நான் வேலை பார்க்கும் வெளிநாட்டு உதவி அமைப்பின் தலைமை அலுவலகம், நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கம் மழையில் வீடிழந்த பணியர் பழங்குடிக் குடும்பத்துக் குழந்தை அழுகிற படத்தை நன்கொடை விளம்பரத்துக்குக் கேட்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். அந்தப் படம் போகவில்லை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

உங்களில் ஒருவர் சுட்டிக்காட்டியதுதான் கைகொடுத்தது. செஞ்சிலுவை இயக்கமும் பெரிய நிவாரண அமைப்புகளும் 1994இல் வெளியிட்ட நடத்தை விதிகளில் பத்தாவது, பாதிக்கப்பட்டவர்களை விளம்பரத்தில் கதியற்றவர்களாக அல்ல, கண்ணியமுள்ள மனிதர்களாகக் காட்டச் சொல்கிறது. எங்கள் அமைப்பும் அதை ஏற்றதுதான். அதைக் காட்டி மின்னஞ்சல் அனுப்பினேன். நிதி திரட்டும் பிரிவு கொஞ்சம் முறுக்கிக்கொண்டது, அப்புறம் சரி என்றார்கள்.

மறுபடி அங்கே போனோம். அதே சமூகத்துப் பெண் ஒருவர், படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றாலும் நிவாரணம் நிற்காது என்று அவர்கள் மொழியிலேயே விளக்கினார். கடைசியாகச் சொன்னதைக் கேட்ட பிறகுதான் சிலர் "அப்போ வேண்டாம்" என்றார்கள். படம் எடுக்க விட்டால்தான் அரிசி வரும் என்று அதுவரை நினைத்திருக்கிறார்கள்! எனக்குத் தாங்கவே முடியவில்லை.

இப்போது போகும் படத்தைக் குழந்தையின் பாட்டியே தேர்ந்தெடுத்தார். அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில், பேத்தியின் நனைந்த பாடப்புத்தகங்களை அவர் விரித்துப் போடுகிறார். ஊர்ப் பெயர் போடவில்லை.

படிக்கத் தெரியாதவர்களிடம் ஒப்புதலை ஒலிப்பதிவாக வாங்கிய அனுபவம் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள். அடுத்து அதைத்தான் செய்யப் போகிறோம்.