டிசைன் பேப்பர் நல்லா தெரியுற மாதிரி வாழ்த்து அட்டை, எந்த மடிப்புல பண்ணலாம்?

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம். பாண்டி போனப்போ ஹேண்ட்மேட் பேப்பர்ல மார்பிளிங் போட்ட பெரிய ஷீட்டு கொஞ்சம் வாங்கிட்டு வந்தேன், நீலமும் துருக்கலரும் சுழிச்சு சுழிச்சு அவ்ளோ அழகு, கத்தி வைக்கவே மனசு வரல. பொங்கலுக்கு சொந்தக்காரங்களுக்கு கையாலயே அட்டை செஞ்சு தபால்ல அனுப்பலாம்னு ஐடியா. ஆனா சும்மா ரெண்டா மடிச்சு முன்னாடி ஒரு துண்டு ஒட்டி, அது மேல வாழ்த்து லேபிள், கரும்பு, பானைன்னு வெச்சதும் பேப்பர் எங்க போச்சுன்னே தெரியல. பேப்பர்தான் கண்ணுல படணும்னா எந்த மடிப்பு சரிவரும்? அப்புறம் ஒட்டி காஞ்சதும் அட்டை வளைஞ்சுக்குது, மடிக்கிற இடத்துல வெடிச்சு வெள்ளையா தெரியுது. கையில இருக்கறது ஏ4 சைஸ் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கலர் அட்டை, கட்டர், ஸ்டீல் ஸ்கேல், அவ்ளோதான். மெஷின்லாம் இல்ல.

காகிதக்கிறுக்கி:
முதல்ல அந்த கரும்பையும் பானையையும் தூக்கிப் போடுங்க சிஸ் 😄 மார்பிளிங் பேப்பர் மேல எது வெச்சாலும் சண்டைதான் போடும்.

உங்க பேப்பருக்கு கேட் மடிப்புதான் என் சாய்ஸ், நம்ம வீட்டு ரெட்டைக் கதவு மாதிரி நடுவுல திறக்கும். ஏ4-ஐ குறுக்கால பாதியா வெட்டுங்க, 210க்கு 148 மி.மீ. துண்டு ரெண்டு கிடைக்கும். ஒரு துண்டை எடுத்து 210 நீளத்துல ரெண்டு ஓரத்துலேர்ந்தும் 52.5ல கோடு போட்டு உள்பக்கமா மடிச்சா ரெண்டு கதவும் நடுவுல வந்து முட்டும். இப்ப டிசைன் பேப்பர்ல 99க்கு 142ன்னு ஒரே துண்டா வெட்டி, அதை நடுவுல நீளவாக்குல ரெண்டாக்கி, கதவுக்கு ஒண்ணா ஒட்டுங்க. வெளி ஓரத்துல, மேல, கீழ 3 மி.மீ. அட்டை தெரியணும், நடுவுல கதவு சேர்ற இடத்துல மட்டும் கேப்பே விடக்கூடாது. அப்பதான் மூடி வெச்சா சுழி அறுபடாம இந்தக் கதவுலேர்ந்து அந்தக் கதவுக்கு ஓடும், பாக்கறவங்க ஒரே பேப்பர்னுதான் நினைப்பாங்க.

இன்னொண்ணு இசட் மடிப்பு. அதே 210 துண்டுதான், 105ல ரெண்டா மடிச்சிட்டு முன்பக்கத்தை மட்டும் 52.5ல திருப்பி வெளிய மடக்கணும். முன்னாடி பாதி அகலத்துக்கு ஒரு பட்டை நிக்கும், மீதி பாதியில உள்ள இருக்கற பக்கம் எட்டிப் பாக்கும். பட்டைக்கு 46க்கு 142, உள்பக்கத்துக்கு 99க்கு 142. பட்டைக்கு பொடி டிசைனோ ப்ளெயினோ போடுங்க, பெரிய சுழி உள்பக்கத்துக்கு. பெரிய டிசைனை குறுகலா வெட்டினா அது என்னன்னே புரியாது, அழுக்குக்கறை மாதிரி இருக்கும்.

வெட்டறதுக்கு முன்னாடி ஒரு வேஸ்ட் அட்டையில 99க்கு 142 ஓட்டை போட்டு, அந்த ஜன்னலை ஷீட்டு மேல நகத்தி நகத்தி பாருங்க. எந்த இடம் நல்லாருக்கோ அங்க பென்சில்ல லேசா நாலு மூலையும் குறிச்சுக்கலாம். உங்க ஷீட்டு வழக்கமான 22க்கு 30 இஞ்ச்னா வரிசையா வெட்டினா 25 துண்டு வரும், ஜன்னல் வெச்சு பொறுக்கினா கம்மியாத்தான் வரும், ஆனா மார்பிளிங்ல கணக்கு பாத்து வெட்டறது பாவம்.

பைண்டர்_மாமா:
மடிப்பு அவங்க சொன்னதே போதும், நான் வெடிக்கிறதுக்கும் வளையறதுக்கும் சொல்றேன். வெள்ளையா தெரியுதுன்னா உங்க அட்டை மேல மட்டும்தான் கலர், நடுவுல வெள்ளை. அட்டைக்கும் நார் ஓட்டம்னு ஒண்ணு உண்டு, அதாவது உள்ள இருக்கற நாரெல்லாம் ஒரே திசையில படுத்திருக்கும், ஓட்டத்தோட மடிச்சா சுத்தமா மடங்கும், எதிர்த்து மடிச்சா வெடிக்கும். அட்டையை ரெண்டு பக்கமும் லேசா வளைச்சுப் பாருங்க, எந்தப் பக்கம் சுலபமா வளையுதோ அந்தப் பக்கமாவே மடிப்பை வெச்சுக்கங்க. ஏ4 அட்டையில பெரும்பாலும் ஓட்டம் நீளவாக்குல இருக்கும், அதனால மேல சொன்ன மாதிரி குறுக்கால வெட்டி 148 பக்கத்துக்கு இணையா மடிச்சா சரியா அமையும், நீளவாக்குல கிழிச்சு மடிச்சாத்தான் தொல்லை.

மடிக்கறதுக்கு முன்னாடி மை தீர்ந்த ரீஃபிலால ஸ்கேல் வெச்சு அழுத்தி கோடு போடணும். கோடு போட்ட பக்கம் பள்ளம், பின்னாடி மேடா இருக்கும். நிறைய பேர் பள்ளத்துக்குள்ள மடிக்கிறாங்க, அது தப்பு, மேடு உள்ள போற மாதிரி மடிக்கணும். இசட்ல ஒரு மடிப்பு இந்தப் பக்கம் இன்னொண்ணு அந்தப் பக்கம், ஸோ கோடும் ஒண்ணு முன்னாடி ஒண்ணு பின்னாடி.

வளையறது பசையில இருக்கற தண்ணியால. பேப்பர் ஈரத்துல விரியும், காயும்போது சுருங்கி அட்டையையும் இழுத்துட்டு போகும். டபுள் சைடு டேப் போட்டா பிரச்னையே இல்ல. பசைதான் வேணும்னா கெட்டியா, மெல்லிசா தடவி, ஒட்டின இடத்துக்கு நேர் பின்பக்கமும் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டிடுங்க, ரெண்டு பக்கமும் இழுக்கறதால நேரா நிக்கும். ராத்திரி பூரா கனமான புக்குக்கு அடியில வெச்சுருங்க.

பழசு_வீணாக்காதே:
பாண்டி பேப்பர் கிடைக்காதவங்களுக்கு ஒரு வழி. வீட்டுல சேந்து கெடக்கற கல்யாணப் பத்திரிகையைப் பிரிச்சுப் பாருங்க, தங்கக்கலர் மாங்கா டிசைன், மயில், கோலம்னு அட்டகாசமா இருக்கும், சாமி படம் இருக்கற துண்டை மட்டும் தனியா எடுத்து வெச்சிருங்க, வீட்டுல பெரியவங்க திட்டுவாங்க. சென்னைல இருக்கீங்கன்னா பாரிஸ் ஆண்டர்சன் தெருவுல ஒரு ரவுண்டு போனாலே பேப்பர் வகை வகையா பாக்கலாம். கிஃப்ட் ராப்பரும் ஓகேதான்.

காகிதக்கிறுக்கி:
ராப்பர் ஓகே இல்லங்க, ரொம்ப மெல்லிசு, அடியில இருக்கற டேப்பு கோடு கூட தெரியும். கேட் மடிப்பு நடுவுல வெட்டற இடமும் சிலும்பிக்கும். பத்திரிகை ஐடியா சூப்பர்.

நூல்கண்டு:
எல்லாருக்கும் நன்றி! மேடு உள்ள போகணும்ங்கறது எனக்கு சுத்தமா தெரியாது, இப்ப ஒரு துண்டுல பாத்தேன், நல்லாவே வித்தியாசம் தெரியுது. கேட் மடிப்பையே எடுத்துக்கறேன். வாழ்த்தை எங்க எழுதறது, கவர் என்ன சைஸ்?

பைண்டர்_மாமா:
உள்ள நடுப்பக்கத்துல 99க்கு 142 வெள்ளைத்தாள் ஒட்டி அதுல எழுதுங்க. ஹேண்ட்மேட் பேப்பர் மேல நேரா இங்க் பேனால எழுதாதீங்க, சிலதுல ஊறிப் பரவிடும். மூடினா 105க்கு 148 வரும், சி6 கவர் 114க்கு 162, கச்சிதமா உள்ள போயிடும். வெயிட்டு, 300 ஜிஎஸ்எம்ல பாதி ஏ4 ஒன்பதரை கிராம்கிட்ட, பேப்பர் கவர் எல்லாம் சேந்தாலும் 20 கிராமுக்குள்ளதான் நிக்கும். முத்து, கல்லு ஒட்டற வேலை மட்டும் வேணாம், கவர் புடைச்சுக்கும், சீல் குத்தறப்போ அந்த இடம்தான் கிழியும். கதவு திறந்துக்காம இருக்க குறுக்கால ஒரு பேப்பர் பட்டி சுத்தி விட்ருங்க, நூல் கட்டினா மார்பிளிங் மேல தடம் விழும்.