வானிலைகாட்டியில் ‘முன்னறிவிப்பு’ என்ற சொல் வேண்டுமா?

மென்பொருள் தமிழாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கணினித் திரையின் ஓரத்தில் நின்று வெப்பநிலையையும் மழையையும் காட்டும் சிறு நிரலுக்குப் பெயர் தேடி ஒரு வாரமாகப் பேசிவருகிறோம். ‘விட்ஜெட்’ என்றே விட்டுவிடலாம் என்று ஒருவரும், ‘குறுநிரல்’ போதும் என்று இன்னொருவரும் எழுதியிருந்தார்கள். பொதுப்பெயராக இவற்றில் எது நின்றாலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பட்டியலைத் திறந்து பார்ப்பவர் தேடுவது வானிலையைத்தான். நாட்காட்டி, திசைகாட்டி, வழிகாட்டி ஆகிய சொற்களை அறிந்தவர் ‘வானிலைகாட்டி’ என்பதைப் பார்த்ததும் விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்வார். மொரீசியசில் நம்மில் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள். அவர்கள் முன்பே அறிந்த சொல்லின் வார்ப்பிலேயே புதிய சொல்லும் அமைவது நல்லது. ‘திசைகாட்டி’யில் வல்லெழுத்து மிகாததுபோல இங்கும் மிகாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, எனக்கு உண்மையாகவே கவலை தரும் சொல்லுக்கு வருகிறேன்.

அந்தச் சொல் ‘முன்னறிவிப்பு’. வானொலிச் செய்தியில் ‘வானிலை முன்னறிவிப்பு’ என்று கேட்டுப் பழகிய தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அதில் குறை தெரியாது. ஆனால் ‘முன்னறிவிப்பின்றி மின்சாரம் நிறுத்தப்பட்டது’ என்று எழுதும்போது, யாரோ ஓர் அலுவலர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியதைத் தெரிவிக்கவில்லை என்றுதான் பொருள்கொள்கிறோம். அறிவிப்பு என்றாலே அறிவிப்பவர் ஒருவர் உண்டு. வானிலைகாட்டியில் வரும் ஐந்து நாள் எண்களையோ யாரும் அறிவிக்கவில்லை. எங்கோ ஒரு கணினியில் ஓடும் கணித மாதிரி கணக்கிட்டுத் தருகிறது, சில மணி நேரத்தில் அந்தக் கணித மாதிரியே வேறு எண்களையும் தருகிறது. இதன்மேல், திரையில் எழும் ஒவ்வொரு செய்தியையும் நாம் ஏற்கெனவே ‘அறிவிப்பு’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். அறிவிப்பு, முன்னறிவிப்பு, எச்சரிக்கை ஆகிய மூன்றும் ஒரே சிறு கட்டத்துக்குள் நெருங்கி நிற்கும்போது, பள்ளித் தமிழோடு படிக்கும் ஒருவர் ‘முன்னறிவிப்பு’ என்பதை முன்கூட்டியே விடுக்கப்பட்ட எச்சரிக்கை என்று படித்துவிடக்கூடும். ஆகவே கணித மாதிரி தருவதை ‘முன்கணிப்பு’ என்றும், வாக்குவாவில் உள்ள நம் தீவின் வானிலைச் சேவை போன்ற பொறுப்புள்ள அலுவலகம் விடுப்பதை மட்டும் ‘எச்சரிக்கை’ என்றும் பிரித்து வழங்க வேண்டுமென முன்மொழிகிறேன். ‘விழிப்பூட்டல்’ என்று ஒரு நண்பர் தந்த சொல் அழகானது. அதை, வெப்பநிலை இவ்வளவுக்குக் கீழே போனால் எனக்குச் சொல் என்று பயனரே அமைத்துக்கொள்ளும் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது காற்று. சென்னையிலிருந்து வரும் வானிலைக் குறிப்புகளில், சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும் என்பது போன்ற வாக்கியத்தை அடிக்கடி காணலாம். அங்கே அது கடலில் வீசும் பலத்த காற்று. மீனவர்கள் கடலுக்குள் போக வேண்டாம் என்ற அளவில் அது நின்றுவிடும். கடலில் காற்றின் பெருஞ்சுழற்சி உருவானால் அவர்கள் அதைப் ‘புயல்’ என்பார்கள். இலங்கைத் தமிழிலோ அந்தப் பெருஞ்சுழற்சியே ‘சூறாவளி’. 1960இல் கரோல் புயலையும் 1975இல் ஜெர்வேஸ் புயலையும் கண்ட நம் தீவில், 45 கிலோமீட்டர் காற்றுக்குத் திரையில் ‘சூறாவளி’ என்று எழுதினால் ஒரு முதியவர் சாளரங்களுக்குப் பலகை அடிக்கத் தொடங்கிவிடுவார். ஆகவே பெருஞ்சுழற்சிக்குப் ‘புயல்’ என்ற ஒரு சொல்லையே நிலையாக வைத்து, பலத்த காற்றைச் ‘சூறைக்காற்று’ என்று குறிப்பதே பாதுகாப்பு.

அந்தச் சென்னை வாக்கியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ‘இடையிடையே’ என்ற சொல். காற்றின் சராசரி வேகம் ஒன்று, சில நொடிகள் மட்டும் அடித்துவிட்டுத் தணியும் வேகம் வேறொன்று. நம் தீவில் புயல் நெருங்க நெருங்க 1 முதல் 4 வரை உயரும் எச்சரிக்கை வகுப்புகள் நான்கும் இந்த இரண்டாவது வேகத்தையே, அதாவது மணிக்கு 120 கிலோமீட்டரை, எல்லையாகக் கொண்டவை. சராசரி 80 என்று திரை காட்டுவதைப் பார்த்து, 120க்கு இன்னும் தூரம் இருக்கிறது என்று ஒருவர் நினைத்துவிட்டால் அது ஆபத்தான தவறு. ‘இடையிடையே வீசுவது’ என்ற வழக்கிலிருந்தே ‘இடைவீச்சு’ என்று சொல் ஆக்கலாம். புள்ளியியலில் ‘வீச்சு’ வேறு பொருளில் வழங்குகிறது என்பதை அறிவேன். காற்றின் பக்கத்தில் நிற்கும்போது குழப்பம் வராது.

ஊர்ப்பெயருக்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. இந்த நிரல்களில் சில, விமான நிலையங்கள் வெளியிடும் மெட்டார் என்னும் வானிலை அறிக்கையையே இப்போதைய வானிலையாக எடுத்துக்கொள்கின்றன. நமக்கு அது தென்கிழக்குக் கரையில் உள்ள பிளேசான்ஸ் விமான நிலையத்தின் அறிக்கை. நடு மேட்டுநிலத்தில் குளிரிலும் தூறலிலும் இருக்கும் கியூர்பிப்காரருக்கும், காற்று மறைவில் வெயில் காயும் போர்ட் லூயிஸ்காரருக்கும் அதே எண்தான் வரும். எனவே ‘இடம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக ‘அளவீட்டிடம்’ என்று எழுதிவிட்டால் படிப்பவருக்கு உண்மை தெரிந்துவிடும்.

வகுப்பு என்ற சொல்லைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ‘நிலை’ என்று வைத்தால் வானிலை, வெப்பநிலை ஆகியவற்றோடு கலந்துவிடும். தமிழ்நாட்டுத் துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் வழக்கைக் கொண்டுவரலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கூண்டு ஏற்றுவது என்பது எனக்கும் உவப்பான வழக்குதான். ஆனால் அது கப்பல்களுக்கான குறி, எண்கள் 1 முதல் 11 வரை போகின்றன. நம் 3ஆம் வகுப்பில் தீவே கதவடைத்து உள்ளே இருக்கும், அவர்களின் 3ஆம் எண்ணுக்கு அந்தக் கனம் இல்லை. தெருவில் எல்லோரும் ‘கிளாஸ்’ என்று சொல்வதற்கு நேரான ‘வகுப்பு’ என்பதே இருக்கட்டும். நம் பணத்தாள்களில் தமிழ் எண்கள் இருப்பது எனக்குப் பெருமை. ஆயினும் எச்சரிக்கையில் 1, 2, 3, 4 என்றே எழுத வேண்டும், அங்கே ஒரு நொடி தயங்கவும் கூடாது. பக்கத்துத் தீவான ரெயூனியன் நண்பர்களின் எச்சரிக்கை நிறங்களான மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா ஆகியவற்றையும் நம் வகுப்புகளாக மாற்றாமல் அப்படியே வைக்க வேண்டும்.

மழைக்குத் தனியாக ‘பெருமழை எச்சரிக்கை’ என்ற தொடர் கட்டாயம் வேண்டும். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் திடீர் வெள்ளத்தில் 11 பேர் இறந்தபோது புயல் எதுவும் இல்லை. காற்றை அளக்கும் வகுப்பு அந்த மழையைச் சொல்லியிருக்காது.

கூண்டுகளில் இறுதியான 11ஆம் எண்ணை நினைத்துப் பாருங்கள். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்வதற்கே ஒரு குறி வைத்திருந்தார்கள். நம் மொழிபெயர்ப்புக் கோப்பில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அத்தை வீட்டில், வானொலி 2ஆம் வகுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் நிறுவிக் கொடுத்த கணினியின் ஓரத்தில் ‘எச்சரிக்கை எதுவும் இல்லை’ என்று பச்சை எழுத்தில் நின்றது. அந்த நிரல் எடுத்துக்கொள்ளும் தரவில் நம் தீவின் எச்சரிக்கைகளே கிடையாது. வராத ஒன்றை இல்லாத ஒன்றாக அது எழுதிவிட்டது. அத்தை என்னிடம், “ரெண்டுல எதைப்பா நம்பறது?” என்று கேட்டார். அந்தத் தமிழ் வரியை எழுதியவனே நான்தான் என்பதால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஆகவே அந்த ஒரு வரியை மூன்றாகப் பிரிக்கக் கேட்கிறேன். அலுவலகத்தோடு தொடர்பு இருந்து, அது எதையும் விடுக்கவில்லையென்றால் ‘எச்சரிக்கை விடுக்கப்படவில்லை’ என்று வரட்டும். இணையம் நின்றுபோனால் ‘தொடர்பு அறுந்தது, 06:00 மணித் தரவு’ என்று நேரத்தோடு வரட்டும். தரவு மூலமே நம் தீவை உள்ளடக்கவில்லையென்றால் ‘இந்த மூலத்தில் உங்கள் பகுதிக்கான எச்சரிக்கைகள் வருவதில்லை, வானொலியைக் கேளுங்கள்’ என்று முழு வாக்கியமாகவே வரட்டும். கடைசி வரி கட்டத்துக்குள் அடங்காது என்று வடிவமைப்பவர்கள் சொல்லக்கூடும். அப்படியானால் கட்டத்தைப் பெரிதாக்கச் சொல்லி நானே அவர்களுக்கு எழுதுகிறேன். மற்ற சொற்களில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிவித்தால், திங்களன்று கோப்பைத் திருத்தி உங்கள் பார்வைக்கு அனுப்புவேன்.