மேளத்தை ஒளிச்சு வச்ச சாமி பழங்குடிங்க

கதிர்: நார்வே, ஸ்வீடன் வடக்குல இருக்கற 'சாமி'ங்கற (Sámi, நம்ம கடவுள் சாமி இல்ல) பழங்குடி பத்தி படிச்சிட்டிருக்கேன், 17ஆம் நூற்றாண்டுல பாதிரிமார் அவங்க மேளத்தையெல்லாம் புடுங்கினாங்களாமே, மந்திரம் தெரிஞ்சவன்னு சந்தேகம் வந்தா எப்படி தப்பிச்சாங்க? சர்ச்சுக்கு போய் நடிச்சா போதுமா?

மீனா: சர்ச், ஞானஸ்நானம் எல்லாம் ஒழுங்கா பண்ணிட்டு மேளத்தை மட்டும் காட்டுல, பாறை இடுக்குல ஒளிச்சு வச்சாங்க. கலைமான் தோல்ல மரப்பட்டைச் சாறு வச்சு படம் வரைஞ்சிருக்கும், கொம்புச் சுத்தியலால தட்டத் தட்ட மேல கிடக்கற வளையம் நகர்ந்து எந்தப் படத்துல நிக்குதோ அதான் குறி. செம ஐடியா இல்ல?

பாண்டி: மாட்டினா அவ்ளோதான் ப்ரோ. 1692ல நார்வேல வாட்ஸோங்கற ஊர் கோர்ட்ல ஆண்டர்ஸ் பௌல்சன்னு ஒரு கிழவரை நிறுத்தினாங்க, மனுஷன் மேளத்துல இருக்கறது கடவுள், ஏசு, மாதான்னே விளக்கம் சொல்லிப் பாத்தாரு, தீர்ப்பு வரதுக்குள்ள புத்தி பேதலிச்ச ஒருத்தன் கோடாலியால வெட்டிட்டான். அடுத்த வருஷம் ஸ்வீடன்ல லார்ஸ் நில்சன்னு இன்னொரு சாமிக்காரருக்கு இதே மேள விவகாரத்துல மரண தண்டனை.

கதிர்: ஐயோ. பௌல்சன் மேளம் இப்ப எங்க?

பாண்டி: அப்ப நார்வேயை ஆண்ட டென்மார்க்காரன் தூக்கிட்டுப் போயிட்டான். 1979ல நார்வேல காராஸ்யோக் ஊர்ல இருக்கற சாமி மியூசியத்துக்கு வந்துச்சு, அதுவும் இரவலா, 2022லதான் உரிமையே குடுத்தாங்க. சொந்தக்காரனுக்கே இரவல் குடுத்திருக்கானுங்க பாருங்க.