கோடை ஆய்வுக்கு வந்த மாணவியிடம் இதை எப்படிப் பேசுவது?

வணக்கமுங்க. கோவையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நொய்யல் ஓரக் கிணறுகளில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பதுதான் வேலை. இந்தக் கோடைக்கு இளநிலை படிக்கும் இருவர் என்னோடு இருக்கிறார்கள். வழிகாட்டுவது எனக்கு முதல் முறை.

போன வாரம் ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எடுத்தோம். 1992இல் கட்டிய அணை. திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, சுற்றிலும் கிணறுகள் உப்பேறிப்போனது உங்களுக்கே தெரியும். மின்கடத்துதிறன் மீட்டரில் (தண்ணீரில் உப்பு கூடினால் இதன் அளவும் கூடும்) மூன்று தடவை அளக்கச் சொன்னேன். மூன்றாவது அளவு ஒத்துவரவில்லை என்று இருவரில் ஒரு பெண் அதை அழித்துவிட்டு, முதல் இரண்டையொட்டி ஓர் எண்ணை எழுதிவிட்டாள். நோட்டில் ரப்பர் தேய்த்த தடம் அப்படியே தெரிந்தது. ஏமாற்றும் எண்ணமில்லை, பயம்தான். விடை தப்பினால் மார்க் போகும் என்றே பழகிய பிள்ளை. திட்டினால் அடுத்த தடவை நோட்டையே காட்ட மாட்டாள்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், எப்படிப் பேசுவது? பேனாவில் மட்டும் எழுது, தப்பென்றால் ஒரே கோடு போட்டு அடி என்று சொன்னால் போதுமா?

அப்புறம், சென்னிமலைப் பக்கம் கிணறு உள்ளவர்கள் ஒரு பாட்டில் தண்ணீர் எடுக்க விட்டால் பெரிய உதவிங்க. அளவு என்ன வந்ததென்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறோம்.