பழைய டிரையாங் ஜின்டியில் டிசிசி: மீட்டரில் எல்லாம் சரி, ஆனால் டிகோடர் கொதிக்கிறது

சுடர்_லெஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் டிரையாங் ஆர்52 ஜின்டி என்ற பழைய பொம்மை ரயில் எஞ்சின் ஒன்று இருக்கிறது. கறுப்பு நிறம், எண் 47606, உள்ளே எக்ஸ்04 மோட்டார். பழைய பொருள் சந்தையில் கிடைத்தது. சாதாரண 12 வோல்ட் டிசி கன்ட்ரோலரில் தையல் மெஷின் மாதிரி சத்தம் போட்டாலும் ஒழுங்காகவே ஓடுகிறது. வீட்டு லேஅவுட் முழுக்க டிசிசிக்கு (தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) மாறிவிட்டதால் இதையும் மாற்றலாம் என்று இறங்கினேன்.

செய்தது இவ்வளவுதான். இதில் ஒரு பக்கச் சக்கரங்கள் அச்சோடும், உலோகச் சட்டமான சேசியோடும் நேரடித் தொடர்பில் இருக்கின்றன, அதனால் சேசியே ஒரு தண்டவாளம். மறுபக்கச் சக்கரங்களுக்கு மட்டும் மின்சாரத்தை எடுக்கப் பித்தளைத் தகட்டில் பிக்கப். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ்களை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கில் ஒரு கையில் ஏற்கெனவே ஸ்லீவ் (மின்சாரம் கடத்தாத சின்னக் குழாய்) இருந்தது, மற்றது வெறுமையாக சேசியோடு சேர்ந்திருந்தது. அதற்கும் ஸ்லீவ் போட்டு, அடியில் ஒரு சின்னத் தகடு வைத்து டிகோடரின் (எஞ்சினுக்குள் இருந்து கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சின்ன சர்க்யூட்) சாம்பல் வயரை சாலிடர் செய்தேன். ஆரஞ்சு வயர் பழைய பிரஷ் தகட்டில். சிவப்பு பிக்கப்பில், கறுப்பு சேசியில். டிகோடர் 1 ஆம்பியர் தாங்கக்கூடியது.

இப்போது பிரச்சினை. டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உள்ள தனித் தண்டவாளமான புரோகிராமிங் டிராக்கில் வைத்து, எஞ்சினின் அடையாள எண்ணான முகவரியைப் படித்தால் "பதில் இல்லை" என்றே வருகிறது. மெயின் டிராக்கில் முகவரி 3 போட்டால் நகர்கிறது, ஆனால் திக்கித் திக்கி. ஒரு சுற்று முடிவதற்குள் டிகோடர் விரல் வைக்க முடியாத சூடு, அப்புறம் தானாக நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் மறுபடி கொஞ்சம் ஓடும்.

வெம்பிளி_கரி

முதல் சந்தேகம் ஸ்லீவ்தான். அந்த ஸ்பிரிங் கம்பி கூரானது, மெல்லிய பிளாஸ்டிக்கை வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். எந்த ஸ்லீவ் போட்டீர்கள்? வயரிலிருந்து உரித்ததா? அந்தத் தகட்டை ஸ்லீவுக்குப் பக்கத்தில் வைத்து சாலிடர் செய்திருந்தால் சூட்டில் இளகியிருக்கும். தகட்டில் வயரை முதலில் சாலிடர் செய்து, ஆறிய பிறகுதான் மோட்டாரில் பொருத்த வேண்டும்.

டிகோடரை அவிழ்த்துவிட்டு மல்டிமீட்டரைக் கண்டின்யூட்டியில் (இணைப்பு இருந்தால் சத்தம் போடும் அளவு) வைத்து, ஆரஞ்சுக்கும் சேசிக்கும், ஆரஞ்சுக்கும் பிக்கப்புக்கும், அதே மாதிரி சாம்பலுக்கும் பாருங்கள். எங்கேயும் சத்தம் வரக்கூடாது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பாருங்கள், நிறுத்தி வைத்து மட்டும் பார்த்தால் போதாது.

சுடர்_லெஸ்டர்

ஸ்லீவ் வயரிலிருந்து உரித்ததுதான், ஆனால் தகட்டைத் தனியாக சாலிடர் செய்துதான் மாட்டினேன். நீங்கள் சொன்ன மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நான்கு இடத்திலும் மீட்டர் வாய் திறக்கவில்லை. மின்தடை அளவில் வைத்தால் முடிவிலி. ஆரஞ்சுக்கும் சாம்பலுக்கும் நடுவில் மட்டும் சில ஓம், அது மோட்டார் சுருள்.

டெர்பி_தாத்தா

தம்பி, கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதே. இதை எதற்கு மாற்ற வேண்டும்? இந்த எஞ்சின் விலையைவிட டிகோடர் விலை அதிகம். நிஜ ஜின்டி 1924 முதல் 1931 வரை 422 எண்ணம் கட்டினார்கள். டிரையாங் பொம்மையும் கொள்ளை கொள்ளையாக வந்தது, அதனால் அரிய பொருள் என்று யாரும் அழமாட்டார்கள். ஆனாலும் அதன் சக்கர விளிம்பு ஆழமானது. உன் லேஅவுட்டில் உயரம் குறைந்த கோட் 75 தண்டவாளம் இருந்தால் ஸ்லீப்பர் பிடிப்புகளில் இடித்துக்கொண்டே போகும். அதைவிட உயரமான கோட் 100 என்றால் பரவாயில்லை.

சுடர்_லெஸ்டர்

கோட் 100தான் ஐயா. பொம்மை என்று தெரியும், பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

வெம்பிளி_கரி

சரி, அப்படியானால் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தீர்களா? டிகோடர் இல்லாமல் 12 வோல்ட் டிசியில், ஆம்பியர் மீட்டரை வரிசையில் வைத்து, சும்மா ஓடும்போது ஒரு அளவு. அப்புறம் சக்கரத்தை ஒரு நொடி மட்டும் விரலால் நிறுத்திப் பிடித்து இன்னொரு அளவு. அதற்கு மேல் பிடித்தால் சுருள் கருகும். நிறுத்திப் பிடித்த அளவு டிகோடர் தாங்கும் உச்ச அளவுக்குள் இருக்க வேண்டும்.

சுடர்_லெஸ்டர்

சும்மா ஓடும்போது 0.6 ஆம்பியர். நிறுத்திப் பிடித்தால் 1.4. டிகோடர் தாளில் தொடர்ச்சியாக 1 ஆம்பியர், உச்சம் 2 என்று போட்டிருக்கிறது. எல்லைக்குள்தான் இருக்கிறது, அப்புறம் ஏன் கொதிக்கிறது?

வெம்பிளி_கரி

0.6 கொஞ்சம் அதிகம். எக்ஸ்04 எப்போதுமே தாகம் உள்ள மோட்டார், இருந்தாலும் இது காந்தம் சோர்ந்துபோனதற்கு அடையாளம். காந்தம் பலவீனமானால் மோட்டார் சுழலும்போது எதிர்த்து உண்டாக்கும் வோல்ட் குறையும், அதனால் அதே 12 வோல்ட்டில் அதிக மின்சாரம் இழுக்கும். முன்பு வைத்திருந்தவர் யாராவது மோட்டாரைப் பிரித்துக் காந்தத்தை வெளியே எடுத்திருக்கலாம். இந்த வகைப் பழைய காந்தங்கள் இரும்புத் துண்டால் முனைகளை இணைக்காமல் வெளியே எடுத்தால் பலம் இழந்துவிடும். ஆனால் இதை மட்டும் வைத்து டிகோடர் அந்த அளவு கொதிப்பதை விளக்க முடியாது. முகவரியைப் படிக்க முடியாததற்கும் இது காரணமில்லை. நிறைய இழுக்கும் மோட்டார் என்றால் பதில் இன்னும் பலமாகத்தான் வரும், அந்தப் பதிலே மோட்டாருக்கு ஒரு சின்னத் துடிப்பு கொடுத்து மின்சாரத்தைக் கூட்டிக் காட்டுவதுதானே.

ஓம்_விதி

சுடர், மோட்டார் பக்கத்தில் ஒரு படம் போட முடியுமா? பிரஷ் தகட்டிலிருந்து மோட்டாரைப் பிடிக்கும் திருகு வரை ஏதாவது போகிறதா பாருங்கள். வட்டமாக, தட்டையாக, பழுப்பு நிறத்தில்.

சுடர்_லெஸ்டர்

படம் போட்டிருக்கிறேன். ஆமாம், ஒன்று இருக்கிறது. பழைய பிரஷ் தகட்டில் ஒரு கால், மற்றொரு கால் சேசித் திருகின் அடியில். தொலைக்காட்சியில் கோடு விழாமல் இருக்க வைப்பது என்று படித்த ஞாபகம். மீட்டரில் அது எதையும் காட்டவில்லையே என்று விட்டுவிட்டேன்.

ஓம்_விதி

அதுதான் குற்றவாளி. கெப்பாசிட்டர். மீட்டர் கண்டின்யூட்டியில் அனுப்புவது டிசி, கெப்பாசிட்டர் டிசியை விடாது. அதனால்தான் மீட்டர் "இங்கே இணைப்பே இல்லை" என்று சாதிக்கிறது. டிகோடர் மோட்டாருக்கு அனுப்புவதோ ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கில் வெட்டி வெட்டி அனுப்பும் துடிப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் அந்தக் கெப்பாசிட்டர் நிரம்பிக் காலியாகும், அந்தச் சுமை முழுவதும் டிகோடரின் டிரான்சிஸ்டர் மேல். போதாக்குறைக்கு உங்களுடையதில் அதன் மறுகால் சேசியில், அதாவது நேராகத் தண்டவாளத்தில். அதில் டிசிசி சிக்னல் இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்துக்கொண்டிருக்கிறது. அது கெப்பாசிட்டர் வழியாக மோட்டார் பக்கம் புகுந்து, டிகோடர் மோட்டாரின் வேகத்தை அளக்கும் வேலையையும் குழப்புகிறது. திக்கித் திக்கி ஓடுவது அதனால்தான்.

பழைய டிசி கன்ட்ரோலரில் அது நல்ல பிள்ளை, பிரஷ் பொறியை விழுங்கும். இங்கே அதற்கு வேலை இல்லை. இரண்டு காலையும் வெட்டி எடுத்துவிடுங்கள். ஒரு காலை மட்டும் வெட்டினால் மீதிக் கால் எங்கேயாவது வளைந்து தொடும். கூடவே அதே மாதிரி இரைச்சலைத் தடுக்க வைக்கும் சோக் சுருள் ஏதாவது பிக்கப் வயரில் இருந்தால் அதையும் எடுங்கள்.

சுடர்_லெஸ்டர்

வெட்டிவிட்டேன். புரோகிராமிங் டிராக்கில் முதல் முறையே 3 என்று படித்தது. ஓட்டமும் மாறிவிட்டது, திக்கவில்லை. டிகோடர் சூடாகிறது, ஆனால் விரல் வைக்கலாம்.

இன்னும் இரண்டு சந்தேகம். முன்னால் போ என்றால் பின்னால் போகிறது. இரண்டாவது, மிக மெதுவாக ஓட்டினால் கொஞ்சம் உலுக்கல்.

ஓம்_விதி

டிகோடர் இன்னும் சூடாவது காந்தம். எக்ஸ்04க்குப் பொருந்துகிற நியோடிமியம் காந்தம் தனியாக விற்கிறார்கள், போட்டால் 0.6 நன்றாகக் குறையும். அதுவரை டிகோடரைச் சுருங்கும் ஸ்லீவில் முழுசாகச் சுற்றி வைக்காதீர்கள், வெந்துபோகும். சேசியில் படாமல் இருக்க ஒரு பக்கம் மட்டும் பசை நாடா போதும், மோட்டாருக்கு முன்னால் இடம் இருந்தால் அங்கே ஒட்டுங்கள்.

உலுக்கல் மூன்று முனை ஆர்மேச்சருக்கு (மோட்டாரில் சுழலும் சுருள் பகுதி) உள்ள குணம். டிகோடரின் வேகக் கட்டுப்பாடு இந்தப் பழைய மோட்டாரோடு சண்டை போடுவதும் உண்டு. அதன் பலத்தைக் குறைத்தோ, முழுசாக நிறுத்தியோ ஓட்டிப் பாருங்கள். அதற்கு எந்த சிவி (டிகோடருக்குள் மாற்றக்கூடிய எண் அமைப்பு) என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், தாளில் இருக்கும். பிரஷ்கள் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரின் பிளவுகளில் கரிப்பொடி அடைந்திருந்தால் பல்குச்சியால் சுரண்டி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுங்கள். அப்புறம் சிவி2 ஐக் கொஞ்சம் கூட்டுங்கள், அது புறப்படும்போது கொடுக்கும் வோல்ட்.

வெம்பிளி_கரி

திசைக்கு ஆரஞ்சையும் சாம்பலையும் இடம் மாற்றிச் சாலிடர் செய்யலாம். இல்லை என்றால் சிவி29. இப்போது 6 இருக்கும், 7 ஆக்கினால் திரும்பிவிடும். ஆனால் உங்கள் லேஅவுட் முழுக்க டிசிசி என்றீர்களே, அப்போது 3 போடுங்கள். டிசியில் ஓடும் வசதி அணைந்துவிடும், திசையும் மாறும். அந்த வசதி இருந்தால், தண்டவாளத்தில் ஏதாவது குழப்பம் வரும்போது எஞ்சின் டிசி என்று நினைத்து முழு வேகத்தில் பறக்க வாய்ப்பு உண்டு.

சுடர்_லெஸ்டர்

3 போட்டேன், திசை சரியாகிவிட்டது. கம்யூட்டேட்டர் பிளவுகளில் அடைசல் நிறைய. காந்தம் ஆர்டர் போட்டிருக்கிறேன். வந்ததும் ஆம்பியர் அளவை இங்கே எழுதுகிறேன்.

டெர்பி_தாத்தா

பழைய காந்தத்தைத் தூக்கிப் போடாதே தம்பி. இரும்புத் துண்டு வைத்து எடுத்து அப்படியே டப்பாவில் போடு. பிறகு யாராவது அசல் நிலையில் வேண்டும் என்று கேட்டால் உதவும்.