நெல்லில் ஜிசிசி பெட்டி தேடினால் எல்லா மரபணுவிலும் கிடைக்கிறதே, எங்கே தவறு?

சேரன்மகாதேவிப் பெண்:
வணக்கம். பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பிசான நெல் ஒரு வாரம் தண்ணீருக்குள் கிடந்து அழுகிப்போனது. அப்போதிருந்தே சப்1ஏ மேல் ஒரு பிடிப்பு. மூழ்கிய பயிரைத் தாங்கவைக்கும் அந்தப் புரதம், எந்த மரபணுக்களின் முன்னால் டிஎன்ஏவில் போய் ஒட்டும் என்று கணிக்கப் பார்க்கிறேன்.

நிப்பான்பாரே என்ற நெல் ரகத்தின் ஜீனோமில் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஏடிஜிக்கு (புரதக் குறியீடு தொடங்கும் மூன்று எழுத்து) முன்னால் 1000 எழுத்து வெட்டினேன். ஜாஸ்பர் தரவுத்தளத்திலிருந்து, சப்1ஏ சேர்ந்த இஆர்எஃப் புரதக் குடும்பம் ஒட்டும் ஜிசிசி பெட்டி மோட்டிஃப் (எழுத்து வரிசை) ஒன்றை எடுத்து, அதைத் தேடித்தரும் ஃபிமோ நிரலில் பி மதிப்பு (தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு) 0.0001 வைத்து ஓட்டினேன். ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறது. வெள்ளத்தோடு சம்பந்தமே இல்லாத மரபணுக்களிலும் அதே அளவு. அடுத்த வாரம் கைடிடம் காட்ட வேண்டும், உதவுங்கள்.

அம்பை அண்ணாச்சி:
ஆயிரக்கணக்கில் வரத்தான் செய்யும்மா. 1000 எழுத்து, இரண்டு இழை, ஆக ஏறக்குறைய 2000 இடம். 0.0001 என்றால் ஒரு மரபணுவுக்கு 0.2. மரபணு 30,000 என்று வைத்தால், தற்செயலாகவே 6,000 வந்துவிடும். அதனால் பி மதிப்பை நம்பாமல் க்யூ மதிப்பைப் (இத்தனை இடங்களில் தேடியதைக் கணக்கில் எடுத்துத் திருத்தியது) பாருங்கள்.

இன்னொன்று. புல் இனத்து மரபணுக்களின் தொடக்கத்தில் ஜியும் சியும் கூடுதல். ஏஜிசிசிஜிசிசி போன்ற மோட்டிஃப் அங்கே சும்மாவே அகப்படும். நான்கு எழுத்தும் சமம் என்று வைத்து ஓட்டியிருந்தால் பின்னணியை (எழுத்துகளின் இயல்பான விகிதத்தை) மாற்றுங்கள்.

தென்காசி அக்கா:
அதற்கு முன்னால் ஒரு கேள்வி. எதிர் இழை மரபணுக்களுக்கு எந்தப் பக்கம் வெட்டினாய்? மரபணுக்களின் இடங்களைச் சொல்லும் ஜிஎஃப்எஃப் கோப்பில் சிறிய எண்தான் எப்போதும் முதலில் இருக்கும், ஆனால் எதிர் இழை மரபணு பெரிய எண் பக்கம்தான் தொடங்கும். எல்லாவற்றுக்கும் சிறிய எண்ணுக்கு முன்னால் வெட்டினால், பாதி மரபணுக்களுக்கு வாலைத்தான் வெட்டியிருப்பாய். ஒன்றைக் கையால் திறந்து பார்.

சேரன்மகாதேவிப் பெண்:
அக்கா, அதேதான்! வெட்டிய 1000 எழுத்தை ஒட்டி ஏடிஜி இருக்க வேண்டும். எதிர் இழையில் சிடிஏ என்று நிற்கிறது. திருப்பி, இணை எழுத்துகளாக மாற்றிப் படித்தால் டிஏஜி, நிறுத்தக் குறி. மூன்று மாதமாக இதை வைத்தா அழுதேன்!

தென்காசி அக்கா:
பெட்டூல்ஸ் நிரலில் ஃபிளாங்க் (வெட்டும் இடத்தைக் குறிப்பது), கெட்ஃபாஸ்டா (எழுத்துகளை எடுப்பது) இரண்டுக்கும், இழையைக் கவனிக்கச் சொல்லும் எஸ் கொடியைப் போடு. ஒன்றில் மட்டும் போட்டால் மறுபடி குழம்பும். அப்புறம் அதே 1000 எழுத்துகளை, பக்கத்துப் பக்கத்து எழுத்து ஜோடிக் கணக்கு மாறாமல் கலைத்துப்போட்டு ஓட்டு. அசலும் கலைத்ததும் எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் கைடிடம் காட்டு. இஆர்எஃப்66, இஆர்எஃப்67 இரண்டும் சப்1ஏ நேரடியாகத் தூண்டும் மரபணுக்கள், முதலில் அவற்றில் என்ன வருகிறது என்று பார்.

சேரன்மகாதேவிப் பெண்:
சரி செய்து ஓட்டினேன். எண்ணிக்கை குறைந்தது. ஆனால் கலைத்ததிலும் ஏறக்குறைய அவ்வளவு வருகிறதே?

அம்பை அண்ணாச்சி:
அதில் உங்கள் தவறு ஏதும் இல்லை. இப்படிக் கணிக்கும் இடங்களில் ஏறக்குறைய எல்லாமே செல்லுக்குள் வேலை செய்யாதவை என்று வாசர்மேன், சாண்டெலின் என்ற ஆய்வாளர்கள் 2004லேயே எழுதிவிட்டார்கள். எழுத்து பொருந்தினாலும், அந்த இடம் ஹிஸ்டோன் புரதங்களில் இறுகச் சுற்றியிருந்தால் புரதம் நெருங்காது. டிஎன்ஏ எங்கே திறந்திருக்கிறது என்று காட்டும் அடாக்-சீக் தரவு நெல் நாற்றுக்குப் பொதுவில் கிடைக்கும். அதில் திறந்திருக்கும் இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி தேடுங்கள்.

நிப்பான்பாரே ஜப்பானிகா வகை நெல், அதில் சப்1ஏ மரபணுவே கிடையாது. நம் வயலில் நிற்கும் அம்பை 16 ரகம் இண்டிகா வகை. முடிந்தால் இண்டிகா ஜீனோம் ஒன்றிலும் ஓட்டிவிடுங்கள்.

சேரன்மகாதேவிப் பெண்:
அடாக்-சீக் இறங்கிக்கொண்டிருக்கிறது அண்ணாச்சி. இன்று ராத்திரியே ஓட்டிவிட்டு இங்கேயே போடுகிறேன்.